நாற்பத்தோராம் கேள்வி

செப்டம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து போகிறது. உனக்கு இருமல் நின்றதா? தூக்கம் வருகிறதா?

மாப்பிள்ளையின் காரியத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. அந்த வாரம் காட்டுத்தீயின் பொருளாதார விளைவுகள் குறித்த மாநாட்டில் நான் தலைமை உரை ஆற்ற வேண்டியிருந்தது. உங்கள் ஊரை இரண்டு இடங்களில் குறிப்பிட்டேன். அவையில் எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு மதிய உணவு.

இப்போது ஒரு செய்தி. உங்கள் ஊர்த் தீயின் சமூக, பொருளாதார விளைவுகளை ஆராயும் பொறுப்பை அரசின் ஆணையம் எனக்குத் தந்திருக்கிறது. நல்லபடியாக முடித்தால் புதிதாகத் தொடங்கப்போகும் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநர் நான்தான் என்கிறார்கள். போட்டிக்கு இருப்பவன் எங்கள் துறையின் ‘வரைபடம்’ ஒருவன்தான். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே கோடு போட்டு வளர்ச்சி காட்டியவன் அவன். உனக்கு நினைவிருக்கும்.

மிஞ்சியிருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்ப் படிவம் நிரப்ப உள்ளூரில் படித்த ஆள் ஒருவர் வேண்டும். உன் நினைவு வந்தது. மனதுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும். படிவங்களும் கையேடும் பார்சலில் வருகின்றன.

மறுக்க மாட்டாய் என்ற நம்பிக்கையுடன்,
அண்ணன்

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இருமல் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. இருமாத ஆளைப் பார்த்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

பார்சல் வந்தது. வேலையை ஏற்றுக்கொள்கிறேன். கையேட்டை இரண்டு தடவை படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் மாநாட்டில் இருந்ததால் உங்களுக்கு முழு விவரம் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். பதினேழாம் கோபுரத்தில் உங்கள் மாப்பிள்ளை பத்தொன்பது வருடம் தீக்காவல் பார்த்தார். ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய அறிக்கையின்படி அதை மூடினார்கள். அவரை நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போட்டார்கள். தீ வந்த அன்று, புகை எங்கள் கண்ணில் பட்டபோது அது மேட்டுத் தெருவுக்கு அரை மணி நேர தூரத்தில் இருந்தது. மேலே ஆள் இருந்திருந்தால் காலையிலேயே பார்த்திருப்பார். இவர் மேட்டுத் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். மீட்டர் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் திறக்கவில்லை. திறந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் தெருக்கோடியிலிருந்து திரும்பி வரவில்லை.

எனக்குக் கூலி வேண்டாம். புதிய அறிக்கையில் ஒரே ஒரு வரி வேண்டும். கோபுரத்தை மூடச் சொன்னது தவறு, சொன்னது நான் என்று. கீழே உங்கள் பெயர்.

வேறு விசேஷம் இல்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை

அக்டோபர் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். ஒத்தடம் பலன் தருகிறது என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள். நீ வேலையை ஏற்றது பெரிய நிம்மதி.

நீ கேட்ட வரி பற்றி யோசித்தேன். உன் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆய்வறிக்கைகளில் ‘நான்’ என்று எழுதும் வழக்கம் இல்லை. கோபுரம் ‘மூடப்பட்டது’ என்று எழுதலாம். ‘அன்றைய கொள்கைச் சூழலில் மூடப்பட்டது’ என்றுகூடப் போகலாம். இதுவே எங்கள் துறையில் தலைகுனிந்து நிற்பது மாதிரிதான். மேலும் அந்த அறிக்கை முப்பத்தொரு கோபுரங்களின் மொத்தக் கணக்கு. இதில் தனி மனிதரின் தவறு என்று எதுவும் கிடையாது. சராசரிதான் உண்டு.

படிவத்தில் கடைசிக் கேள்வி, நாற்பத்தொன்று, முக்கியமானது. ‘உங்கள் இழப்புக்கு எது ஈடாகும் என்று கருதுகிறீர்கள்?’ பதிலை அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும். நீ எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சிலர் கோபத்தில் ஏதாவது எழுதுவார்கள். அவை எதிர்ப்பு விடைகள். கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீக்க வேண்டி வந்தால் ஆய்வே செல்லாது என்று ஒரு விதி இருக்கிறது, கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில். நான் வகுத்த விதிதான். பன்னிரண்டு நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அந்த நிலை எங்கும் வந்ததில்லை, கவலைப்படாதே.

மழைக்காலம் வருகிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அண்ணன்

நவம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் இன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. எல்லாரும் நல்ல ஒத்துழைப்பு. சில வீடுகளில் நான் போவதற்கு முன்பே பேனாவோடு வாசலில் நின்றார்கள்.

தங்கை

நவம்பர் 9

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும், நலமா?

படிவங்களைப் பிரித்தேன். நாற்பது கேள்விகள்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. இவ்வளவு சுத்தமான தரவை என் முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை. நாற்பத்தோராம் கேள்விக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில். ‘கோபுரத்தை மூடச் சொல்லி எழுதியவர் ஒரு கோடை முழுக்க அதில் ஏறி உட்கார வேண்டும்.’ பல் மருத்துவர் இதை எழுதிக் கீழே முத்திரையும் குத்தியிருக்கிறார். எழுதத் தெரியாத ஒரு பெரியவர் கோபுரம் ஒன்றை வரைந்து, உச்சியில் கண்ணாடி போட்ட ஒரு மனிதனை உட்கார வைத்திருக்கிறார். வழுக்கையைக்கூட விடவில்லை.

இவற்றை நீக்கினால் கையில் ஒரு படிவமும் மிஞ்சாது. ஆய்வு செல்லாது. இயக்குநர் பதவி ‘வரைபட’த்துக்குப் போகும். நீ சொல்லிக் கொடுத்து எழுதியதா இது? அப்படி என்றால் இப்போதே சொல். கூடப் பிறந்தவள் என்று பார்க்கிறேன். சரிபார்க்க அலுவலகத்திலிருந்து இரண்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

அண்ணன்

நவம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி? கோபத்தில் மாத்திரையை மறந்துவிடுவீர்கள், அண்ணியை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். தாங்களாகவே முப்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே போனால் தவறு என்று நான் தெருமுனையில் நின்றுகொண்டேன். பேக்கரியில் பேசியது அங்கேயே கேட்டது.

“நாப்பத்தொண்ணாவது கேள்விக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

“சொல்லிக் குடுத்து எழுத இது என்ன பரீட்சையா சார்?”

“எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்களே?”

“ஒரே தீதான சார் வந்துச்சு. வீட்டுக்கு ஒண்ணா வந்துச்சு?”

பல் மருத்துவர் இன்னும் நல்ல மனிதர். “எனக்கு நஷ்டஈடே வேணாம். அவரை ஏறி உக்காரச் சொல்லுங்க. பல் வலின்னா நானே மேல வந்து புடுங்கி விடுறேன். மரத்துப்போற ஊசியை மட்டும் கிளினிக்ல வெச்சிட்டு வருவேன்” என்றார். ஆய்வாளர்களில் ஒருவர் கிளம்பும்போது தனக்கும் ஒரு வெற்றுப் படிவம் கேட்டார். வெளியூர்க்காரருக்குக் கொடுக்க விதியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் யாருக்கும் பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. வாசலில் நின்றதும் ஆய்வுத் தலைவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. சொன்னேன். உறவு இருந்தால் மறைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. என் அண்ணன் என்றேன். பழைய அறிக்கையை எழுதியவரும் அவர்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மற்றதை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்த அறிக்கை நகராட்சியின் இரும்பு அலமாரியில் வேகாமல் இருந்தது. முதல் தடவையாகப் படித்தேன். மொத்தக் கணக்கு என்றீர்கள். முப்பத்தொரு கோபுரத்துக்கும் தனித்தனி வரி இருக்கிறது. பதினேழாம் வரியில் ‘காவலரின் சொந்தக் கூற்றின்படி, பணிநேரம் பெரும்பாலும் பயனின்றிக் கழிகிறது’ என்று போட்டிருக்கிறது.

அந்தக் கூற்று பிறந்த மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் லீவுக்கு வந்திருந்தீர்கள். எங்கள் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “அங்க நாள் பூரா என்னதான் பண்ணுவீங்க மாப்பிள்ள?” என்றீர்கள். அவர், “என்ன மச்சான், காக்கா எண்ணுறதுதான். சம்பளத்தோட” என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சிரித்த பேச்சு எப்படி அண்ணா அட்டவணைக்குள் போயிற்று?

தங்கை

டிசம்பர் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாத்திரை சாப்பிடுகிறேன்.

படிவங்களை நீக்கப் போவதில்லை. நீக்க முடியாது என்பது உனக்கும் தெரியும். நாற்பத்தோராம் கேள்வியின் விடையை ஏழாம் பின்னிணைப்பில், அட்டவணையாக, சிறிய எழுத்தில் சேர்க்கிறேன். அறிக்கை அறுநூற்றுப் பத்துப் பக்கம். பின்னிணைப்பை எழுதுபவர்களே படிப்பதில்லை. எல்லாருக்கும் இதுதான் நல்லது.

உன் அண்ணி உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறாள்.

அண்ணன்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சால்வை வந்தது, அண்ணிக்கு நன்றி. கடைசியாக நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

தங்கை

பிப்ரவரி 20

தங்கைக்கு,

நலமாக இரு.

பின்னிணைப்பைப் படிக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். நிதிச் செயலர். அவர் அறிக்கையைப் பின்னாலிருந்துதான் படிப்பாராம். முன்பக்கங்களில் செலவு இருக்காது என்பது அவர் அனுபவம்.

நேற்று ஆணையத்தின் கூட்டம். நான் ஐம்பத்தெட்டுப் பரிந்துரைகள் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, “நல்ல யோசனை, நிதி இல்ல” என்று ஐம்பத்தெட்டையும் ஓரம் கட்டினார். பிறகு ஏழாம் பின்னிணைப்பைத் திறந்தார்.

“சார், இது என்ன? நூத்துக்கு நூறு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்காங்க.”

“அது ஒரு உணர்ச்சி வெளிப்பாடு. கொள்கை அளவுல அதுக்கு…”

“செலவு எவ்வளவு ஆகும்?”

“செலவுன்னா… ஏணிப்படி, ஒரு பைனாகுலர்.”

“நீங்க ஏற்கெனவே நம்ம சம்பளத்துலதான இருக்கீங்க?”

“ஆமா.”

“அப்ப ஆள் செலவும் இல்ல.”

நான் எழுதிய பாடப்புத்தகத்தை அவர் பையிலிருந்து எடுத்தார். குறைந்த செலவில் அதிகம் பேருக்கு மனநிறைவு தரும் திட்டமே சிறந்த திட்டம் என்று நான் எழுதிய பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். சத்தமாக வாசித்தார். ‘வரைபடம்’ உடனே எழுந்து அதைப் பலகையில் கோடு போட்டுக் காட்டினான். கோடு கூரையைத் தொட்டது.

மறுத்தால் என் முறையை நானே மறுத்ததாகும். ஆய்வு போகும், பதவியும் போகும். பெருமையுடன் ஏற்பதாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

உத்தரவு வந்துவிட்டது. மார்ச் ஒன்பது முதல் ஜூன் முடிய, பதினேழாம் கோபுரம். விடுவிப்பதும் நீட்டிப்பதும் குடியிருப்போர் சங்கத்தின் மனநிறைவைப் பொறுத்தது. சங்கச் செயலாளரின் கையொப்பம் வேண்டும். அது யார் என்று கொஞ்சம் விசாரித்து எழுது.

அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சங்கச் செயலாளர் நான்தான்.

ஏற்பாடுகள் ஆகிவிட்டன. கோபுரத்தின் இரும்புப் படிகளைக் கழற்றி விற்றால் பராமரிப்பு மிச்சம் என்று உங்கள் பழைய அறிக்கையில் இருந்ததால் படிகள் இல்லாமல் இருந்தது. வெல்டர் புதிதாக எழுபத்தெட்டுப் படி அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அவர் அம்மா மேட்டுத் தெருவில் கதவைத் திறக்காதவர்களில் ஒருவர். பேக்கரியிலிருந்து தினமும் காலை ரொட்டியும் தேநீரும் வரும், கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். மேலே ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தொலைபேசி. மின்விசிறி கிடையாது. நாலு பக்கமும் கண்ணாடி என்பதால் பதினோரு மணிக்குச் சூடு ஏறும், நாலு மணிக்கு இறங்கும். உங்கள் மாப்பிள்ளை தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொள்வார்.

என் வீட்டில் தங்க வேண்டாம். அங்கேயே படுக்கை போட்டிருக்கிறது. பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதுங்கள், ரொட்டிக்காரர் கொண்டுவந்து தருவார்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

தங்கை

மே 22
கோபுரம் 17

என் அன்புத் தங்கைக்கு,

எழுபத்து நான்கு நாள் ஆயிற்று. உன் வீட்டுக் கூரை இங்கிருந்து தெரிகிறது. துணி காயப் போடுவது தெரிகிறது. நீ ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

நான் பதினோரு கிலோ இளைத்துவிட்டேன். மூக்குத் தோல் மூன்று தடவை உரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வாரம் ஒரு தடவை அழைத்து வந்து கீழே நிறுத்தி என்னைக் காட்டுகிறார்கள். ஆசிரியை ஏதோ விளக்குகிறார், பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். பல் மருத்துவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, “சார், பல்லு எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்.

இதுவரை பத்தொன்பது இடத்தில் புகை பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பதையும் நாலைந்து பேர் போய் மத்தியானத்துக்குள் அணைத்துவிட்டார்கள்.

ஜூன் முதல் தேதி இயக்குநர் பதவிக்கு நேர்காணல். நான் நேரில் போகாவிட்டால் ‘வரைபட’த்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சங்கம் மனநிறைவு அடைந்தது என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்கே இறங்கிவிடுவேன். ஐந்து வாரம் முன்னால், அவ்வளவுதான்.

சும்மா கேட்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன். இங்கே உட்கார்ந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சொன்னது வேடிக்கை என்று எனக்கு அப்போதே தெரியும். நீ கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் அவர் ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினார். அந்த வருடம் மட்டும் நாற்பத்து மூன்று புகை. தேதி, நேரம், இடம், எத்தனை பேர் போய் அணைத்தார்கள், எல்லாம் அழகான கையெழுத்தில். “இதையும் எழுதிக்குங்க மச்சான்” என்றார். ஒன்றிலும் சேதமில்லை. சேதமில்லாததை மதிப்பிட எங்களிடம் முறை இல்லை. அதைச் சேர்த்தால் மற்ற முப்பது கோபுரத்துக்கும் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கையைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். பதினேழாம் வரி காலியாக இருந்தது. காக்கா பேச்சு அதில் சரியாகப் பொருந்தியது. அவர் வேலை போகும் என்றும் தெரியும். வேறு இடத்தில் போடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோபுரத்தை மூடச் சொன்னது தவறு. சொன்னது நான். நீ கேட்ட வரி இதுதான். தனித் தாளிலும் இதை எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போட்டு இணைத்திருக்கிறேன். இதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். என்னை இறங்க விடு.

உன் கூடப் பிறந்தவன்

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

நாற்பத்து மூன்று புகை என்பது சரி. நோட்டு தீயில் போய்விட்டது. அதை அவர் உங்களிடம் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. அவரும் என்னிடம் சொல்லவில்லை. அண்ணன் மேல் எனக்கு வருத்தம் வரக் கூடாது என்று நினைத்திருப்பார்.

ஒன்றை உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாளும் உங்களை நான் தப்பாக நினைத்திருந்தேன். வேடிக்கை எது, உண்மை எது என்று பிரிக்கத் தெரியாத படித்த முட்டாள் என் அண்ணன் என்றுதான் நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். முட்டாளுக்கு ஒரு கோடை போதும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். போன வாரம் நீங்கள் ரொட்டியைத் தொடாமலே கயிற்றில் திருப்பி அனுப்புவதாக ரொட்டிக்காரர் வந்து சொன்னார். நேர்காணல் விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்களை விடுவிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தேன். ரொட்டிக்காரரிடம் கொடுத்து அனுப்ப எடுத்தபோதுதான் அவர் உங்கள் கடிதத்தை நீட்டினார்.

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை நேற்று சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். யாரும் இருமக்கூட இல்லை. பிறகு கை தூக்கினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும். அவர் மேலே இருந்த வருடக் கணக்குக்கே, பத்தொன்பது கோடை என்று தீர்மானம் எழுதி ஆணையத்துக்கு இன்று காலைத் தபாலில் அனுப்பிவிட்டேன். செலவு ஒன்றும் இல்லாததால் நிதிச் செயலர் மறுக்க மாட்டார்.

உங்களுக்கு இப்போது ஐம்பத்தேழு நடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையை விடாதீர்கள். உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

தங்கை